பாடத்திட்டத்துக்குக் காரணம் சொன்னவர்

நான் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஆண்டுகளில், பாடத்திட்டம் மாறிவிட்டது என்னும் செய்தி பெரும்பாலும் புதிய புத்தகக் கட்டுகளோடுதான் வந்து சேரும். பழைய பாடத்தில் எது போதவில்லை, புதியதில் எது கூடியது என்பதை எங்களுக்கு எவரும் விளக்கியதில்லை. அதனால்தானோ என்னவோ, ஒரு நகரத்தின் பள்ளிப் பாடங்களை மாற்றி, அதற்கான காரணங்களை ஆண்டறிக்கையில் அச்சிட்டு மக்கள் முன் வைத்த வில்லியம் டோரி ஹாரிஸ் மீது எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.

1835-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த ஹாரிஸ், யேல் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெறாமலே வெளியேறினார். நவீன அறிவியலுக்கும் நவீன இலக்கியத்துக்கும் அங்கே உரிய இடமில்லை என்பது அவரது மனக்குறை. 1857-இல் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்து சுருக்கெழுத்து கற்பித்தார். பின்னர் நகரப் பள்ளி ஆசிரியராகி, படிப்படியாக உயர்ந்து, 1868-இல் நகரப் பள்ளிகள் அனைத்துக்கும் கண்காணிப்பாளரானார். 1880 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் என்பது கிடையாது. கண்காணிப்பாளர் திட்டம் வகுப்பார். மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளூர்க் கல்வி வாரியம் அதை ஏற்கும் அல்லது மறுக்கும். பள்ளிக்கு வரி கட்டுகிறவர்களே வாக்காளர்களும் என்பதால், ஒவ்வொரு புதிய பாடத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயத்தை ஹாரிஸ் சுமையாகக் கருதவில்லை.

1871-இல் அவர் தொடக்க வகுப்பிலிருந்தே அறிவியலைப் புகுத்தினார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டுமே. தாவரம், விலங்கு, இயற்பியல் என ஒரு சுற்று முடிந்ததும், மேல் வகுப்பில் அதே பொருள்கள் இன்னும் ஆழமாகத் திரும்பி வரும். பள்ளியைப் பாதியில் விடும் குழந்தையும் ஒரு சுற்றையாவது முடித்திருக்கும். அறிவியல் படித்திராத ஆசிரியர்களே அதைக் கற்பிக்க வேண்டியிருந்ததால், எதை எப்படிக் கற்பிப்பது என்று அவர்களுக்காகவே விரிவாக எழுதினார். புத்தகம் மாறும்போதெல்லாம் நாங்கள் ஏங்கியது இதற்குத்தான்.

அவர் செய்தவற்றுள் பெரிதும் பேசப்படுவது மழலையர் பள்ளி. ஆற்றுத்துறையையும் தொழிற்சாலைகளையும் ஒட்டி வாழ்ந்த ஏழைப் பிள்ளைகள் பத்து வயதிலேயே வேலைக்குப் போய்விடுவதை அவர் கண்டார். ஏழு வயதில் சேரும் பிள்ளைக்கு மூன்றே ஆண்டுப் படிப்பு. பின்னால் நீட்ட முடியாத படிப்பை முன்னால் நீட்டலாம் என்று கருதினார். ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெலின் முறையை நியூயார்க்கில் பயின்று வந்த சூசன் ப்ளோ, ஊதியமின்றிப் பணியாற்ற முன்வந்தார். 1873-இல் டெ பெரெஸ் பள்ளியில் தொடங்கிய அந்த வகுப்பு, சில ஆண்டுகளில் நகரமெங்கும் பரவியது.

எல்லாம் இவ்வாறு நிலைக்கவில்லை. நகரில் ஜெர்மானியக் குடும்பங்கள் மிகுதி. அவர்களின் பிள்ளைகள் தனிப் பள்ளிகளுக்குப் போகாமல் பிற குழந்தைகளோடு சேர்ந்து படிக்கட்டும் என்பதற்காக, ஜெர்மன் மொழிப் பாடத்தை ஹாரிஸ் உறுதியாக ஆதரித்தார். அவர் விலகிய பின், 1887-இல் வாரியத் தேர்தலில் எதிர்த்தரப்பு வென்றது; அந்தப் பாடம் நீக்கப்பட்டது. இன்னொரு குறையையும் மறைப்பதற்கில்லை. கறுப்பினக் குழந்தைகளுக்கு அந்நகரில் தனிப் பள்ளிகளே இருந்தன. அவர்களுக்கென உயர்நிலைப் பள்ளி 1875-இல்தான் வந்தது. எல்லாரையும் ஒன்றாகப் படிக்க வைக்கும் வாதம் நிறத்தின் எல்லையில் நின்றுவிட்டது.

1889 முதல் 1906 வரை ஹாரிஸ் அமெரிக்க அரசின் கல்வி ஆணையராக இருந்தார். எனக்குப் புதிராக இருப்பது இந்தப் பிற்பகுதிதான். கணிதம், புவியியல், வரலாறு, இலக்கணம், இலக்கியம் ஆகிய ஐந்துமே குழந்தையின் மனத்துக்குச் சாளரங்கள் என்பதில் அவர் அசையவில்லை. தச்சு முதலிய கைத்தொழில்களைப் பொதுப்பாடத்தில் சேர்க்கும் முயற்சியை எதிர்த்தார். 1895-இல் கிளீவ்லாந்து மாநாட்டில் தொடக்கப் பள்ளிப் பாடங்கள் குறித்து அவர் அளித்த அறிக்கையை இளைய கல்வியாளர்கள் கடுமையாகத் தாக்கினர். பாடங்களை வரிசைப்படுத்திய அறிக்கையில் குழந்தை காணாமற்போய்விட்டது என்பதே அவர்கள் குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஏழைப் பிள்ளை எத்தனை ஆண்டு படிக்கும் என்று கணக்கிட்டவரும் அவரே அல்லவா?

ஹாரிஸ் 1867-இல் ஒரு தத்துவ இதழைத் தொடங்கி நடத்திவந்தார். பென்சில்வேனியாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஓர் இளைஞர் தம் முதல் கட்டுரையை அதற்கு அனுப்பினார். 1882-இல் ஹாரிஸ் அதை வெளியிட்டார். அந்த இளைஞர் ஜான் டூவி. கிளீவ்லாந்து மாநாட்டுக்கு மறு ஆண்டு, 1896-இல், டூவி சிகாகோவில் ஒரு பள்ளியைத் திறந்தார். அங்கே குழந்தைகள் சமையலும் நெசவும் தச்சும் வழியாகக் கற்றார்கள். ஹாரிஸ் அப்போது வாஷிங்டனில் பதவியில்தான் இருந்தார்.