ஹெர்மன் ஹாலரித்

நாடுகளை வென்றோர் வரலாறுகளை நாம் இளமை முதலே கற்று வருகிறோம். எண்ணிறந்த ஏடுகளைச் சிறு அட்டைகளில் அடக்கி மாந்தர் உழைப்பைக் குறைத்தோரின் வரலாற்றை அத்துணை நன்கு அறியோம். அத்தகையோருள் ஒருவர் அமெரிக்க அறிஞர் ஹெர்மன் ஹாலரித். இக்காலத்துக் கணினிகள் பேரட்டவணைகளைச் சுருக்கிச் சேமிக்கும் முறையின் கருத்து அவரது பணியில் முன்னரே காணப்படுதலின், அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

இவர் 1860ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் தேதி நியூயார்க் மாகாணத்துப் பஃபலோ நகரில், ஜெர்மனியினின்று குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். பிழையின்றி எழுத்துக் கூட்டுதல் இவருக்கு இளமையில் பெருந்துன்பமாயிருந்தது. ஆதலின் பள்ளியை விடுத்து, லுத்தரன் சபைப் போதகர் ஒருவரிடம் பாடங் கேட்டார். பின்னர்க் கொலம்பியாக் கல்லூரியைச் சார்ந்த சுரங்கப் பள்ளியில் பயின்று 1879இல் பட்டம் பெற்று, தம் ஆசிரியர் டிரோபிரிட்ஜின் உதவியால் குடிமதிப்பு அலுவலகத்தில் அமர்ந்தார்.

1880ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் விவரங்களை எழுத்தர்கள் கையாலேயே எண்ணித் தொகுத்தனர். அவ்வேலை முடிய ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் சென்றன. மக்கட்டொகையோ பெருகிக்கொண்டே வந்தது. இவ்வேலைக்கு ஒரு யந்திரம் வேண்டுமென்று ஜான் ஷா பில்லிங்ஸ் என்னும் மருத்துவ அறிஞர் கூறியது ஹாலரித்தின் உள்ளத்திற் பதிந்தது. ரயில் வண்டியில் கண்டக்டர் ஒருவர் பிரயாணியின் தலைமயிர், கண் முதலியவற்றின் நிறத்தைச் சீட்டில் துளையிட்டுக் குறிப்பதை இவர் ஒருமுறை கண்டார். சொல்லை எழுதாமலே, துளை அமைந்த இடத்தால் பொருளை உணர்த்தலாம் என்பது அவருக்குப் புலனாயிற்று.

இக்கருத்தைக்கொண்டு ஒருவருக்கு ஓர் அட்டை வகுத்தார். ஆண், பெண், வயது, பிறந்த நாடு என்பவற்றுக்குத் தனித்தனி இடங்கள் அமைந்தன. அட்டையை யந்திரத்தில் வைத்து அழுத்தினால், துளைகளின் வழியே ஊசிகள் பாதரசக் கிண்ணங்களைத் தொடும், மின்சாரம் பாயும், உரிய முகப்பின் முள் ஒரெண் முன்னேறும். 1889இல் நடந்த போட்டியில் மூவர் தத்தம் முறைகளைக் காட்டினர். விவரங்களைப் பெயர்த்தெழுத இவர் முறைக்குச் சுமார் 72 மணி நேரமும், ஏனையவற்றுக்கு நூறு மணிக்கு மேலும் ஆயின. தொகுத்தெண்ண இவருக்கு ஐந்தரை மணியே போதியது. மற்றவற்றுக்கு 44 மணிக்கு மேல் வேண்டியிருந்தது. 1890ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் விவரங்கள் இம்முறையாலேயே தொகுக்கப்பட்டன.

இதில் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. உழைப்பின் பெரும்பகுதி துளையிடுவதிலேயே கழிகிறது. ஆனால் ஒருமுறை துளையிட்டதைப் பன்முறை விரைவில் எண்ணலாம். இன்றைய தரவுத்தளங்களும் அடிக்கடி வரும் நீண்ட சொல்லுக்குச் சிறு குறியொன்றை இட்டு, குறிகளின் அகராதியைத் தனியே காக்கின்றன. இடம் குறைகிறது, வட்டினின்று படிக்கும் அளவும் குறைகிறது. அதற்கு விலையாகச் சுருக்கவும் விரிக்கவும் கணினி உழைக்க வேண்டும். ஆதலின் அரிதில் மாறிப் பலகால் படிக்கப்படும் அட்டவணைக்கே இம்முறை மிகப் பொருந்தும். ஓயாது மாறுவதைச் சுருக்குமுன் ஆராய்தல் வேண்டும்.

ஹாலரித் 1896இல் நிறுவிய கம்பெனி 1911இல் வேறு சிலவற்றோடு இணைந்தது, 1924இல் ஐ.பி.எம். எனப் பெயர் பெற்றது. தொடர்புடை அட்டவணைகளாகத் தரவை அமைக்கும் கோட்பாட்டை எட்கர் காட் 1970இல் வெளியிட்டதும் அக்கம்பெனியில் பணியாற்றிய காலத்திலேயே. ஹாலரித் 1929ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி வாஷிங்டனில் காலமானார்.

அவர் வாழ்நாளிலேயே ஒரு துயரம் நேர்ந்தது. 1890ஆம் ஆண்டின் மூலப் பத்திரங்களிற் பெரும்பகுதி 1921 ஜனவரியில் வாஷிங்டனில் தீயாலும் நீராலும் சிதைந்தது; எஞ்சியவற்றிற் பெரும்பாலானவும் பின்னர் அழிக்கப்பட்டன. இன்று ஏறக்குறைய 6,000 பேரின் பெயர்களே கிடைக்கின்றன. அட்டைகளிலோ பெயர்கள் துளையிடப்படவில்லை. எண்ணுதற்கு அவை வேண்டாதன. தொகைகள் நிலைத்தன, மக்கள் மறைந்தனர். விரித்தால் முழுமையும் மீளுமாறு சுருக்குதல் வேறு. வேண்டாததென்று விடுத்துச் சுருக்குதல் வேறு. காணாமற்போன ஆட்டின் உவமையை அறிந்த நாம், எண்ணிக்கை நிறைந்தது கண்டு மனநிறைவு கொள்ளாது, அட்டவணையைச் சுருக்கும்போதெல்லாம் மூலத்தையும் அதன் திறவுகோலையும் பத்திரமாகக் காப்போமாக.