பழனி சுப்பிரமணிய பிள்ளை: இடது கை மிருதங்க மேதையின் நாதம் இன்று எங்கே இருக்கிறது?

பழனி என்றதும் மலைக்கோயிலும் பஞ்சாமிர்தமும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால், கர்நாடக இசை ரசிகர்களிடம் 'பழனி'ன்னு மட்டும் சொல்லிப் பாருங்க... அவர்கள் நினைப்பது ஒரு மிருதங்கத்தை!

யார் இவர்?

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் பழனியின் பெயரைத் தன் பெயரோடு சுமந்தவர் சுப்பிரமணிய பிள்ளை (1908-1962). அப்பா பழனி முத்தையா பிள்ளையும் லய வித்வான்; கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். பாலக்காடு மணி ஐயர், ராமநாதபுரம் முருகபூபதி ஆகியோருடன் சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகளில் ஒருவராகப் போற்றப்படுபவர் சுப்பிரமணிய பிள்ளை.

இடது கையால் வந்த சிக்கல்

இவர் இடது கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது மேடை வழக்கம். இடது கைக்காரர் வாசித்தால் அவர் பாடகரின் மறுபக்கம் உட்கார வேண்டும்; வயலின்காரரும் இடம் மாற வேண்டும். இதற்கு எல்லாரும் சம்மதிக்கவில்லை. அந்த நேரத்தில் துணையாக நின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். தன் கச்சேரிகளில் இவரைத் தொடர்ந்து வாசிக்க வைத்தார்.

தொப்பியில் அப்படி என்ன விசேஷம்?

மிருதங்கத்தின் கனமான நாதம் வரும் பக்கம் தொப்பி. அதில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். கையை அழுத்தித் தேய்க்கும்போது எழும் குழைவான ஒலிதான் கும்கி. பழனியின் பெரிய புகழே அந்தக் கும்கிதான்.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்து 78 ஆர்.பி.எம். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம்தான் இடம். பாட்டுக்கே அது பத்தாது; தனி ஆவர்த்தனத்துக்கு எங்கே போவது? தொப்பியின் தாழ்ந்த ஒலியை முழுசாகப் பிடிக்கவும் பழைய கருவிகள் திணறின. 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் வந்தன. ஆனால், தொடக்க காலக் கச்சேரிகள் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு; காற்றோடு போயின.

1962-ல் பழனி மறைந்தார். ஆடியோ கேசட் உலகுக்கு அறிமுகமானதே அடுத்த வருஷம், 1963-ல்தான்!

அப்போ மிச்சம் என்ன?

வானொலிப் பதிவுகளும், ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் எடுத்து வைத்த கச்சேரிகளும்தான். இவற்றில் பல, நகலுக்கு நகல் எடுக்கப்பட்டுக் கைமாறியவை. டேப்பில் ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் ஒலி தேய்ந்துபோகும். இரைச்சலை நீக்குகிறோம் என்று கணினியில் அதிகமாகச் சுத்தம் செய்தாலும் நாதமும் சேர்ந்து போய்விடும். அதனால்தான், எதையும் திருத்தாத மூல நகல் ஒன்றைத் தனியாக வைக்க வேண்டும் என்பதை ஒலி ஆவணக் காப்பகங்கள் விதியாகவே வைத்திருக்கின்றன.

இன்னொரு காப்பகம், சீடர்களின் கைகள். பழனியின் சீடர் டி. ரங்கநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுத்தார். இன்னொரு சீடர் திருச்சி சங்கரன், 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். பழனியிடம் கற்ற பாடங்கள் இவர்கள் வழியாகக் கடல் தாண்டின.

உங்க வீட்டில் பழைய டேப் இருக்கா?

காந்த நாடாக்கள் சிதைந்துவருவதாலும், அவற்றை ஓட்டும் கருவிகள் அருகிவருவதாலும், சீக்கிரம் டிஜிட்டலுக்கு மாற்றச் சொல்லி 2015-லேயே ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் எச்சரித்தது. அது வைத்த கெடு 2025. உங்க தாத்தா வைத்துவிட்டுப் போன ஸ்பூலில் வினிகர் வாடை அடித்தால் நாடா சிதைகிறது என்று அர்த்தம். பழைய பிளேயரில் போட்டுச் சோதிக்காமல், விவரம் தெரிந்தவர்களிடம் கொடுத்து மாற்றுங்கள்.

பழனி வாசித்த கச்சேரிகள் இணையத்தில் கிடைக்கின்றன. கேட்கும்போது மட்டும் ஹெட்போன் போட்டுக்கோங்க. செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் தொப்பியின் தாழ்ந்த நாதம் சரியாகக் கேட்காது.