இதழாசிரியராய் உயர்ந்த பள்ளியாசிரியர்

தஞ்சை மாவட்டம் திருவையாற்றில் 1855ஆம் ஆண்டு பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர், சென்னையில் பள்ளியாசிரியராகப் பணியைத் தொடங்கினார். மாணவர்க்குப் பாடம் சொல்லிவந்த அவரை மக்களுக்கே பாடம் சொல்லும் இதழாசிரியராக்கியது 1878இல் எழுந்த ஒரு பூசல்.

அவ்வாண்டு டி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பெற்றார். இந்தியர் ஒருவர் அங்கு அப்பதவியை ஏற்றது அதுவே முதன்முறை. ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் அதனைப் பழித்தெழுதின. அவற்றுக்கு ஈடுகொடுத்து மறுத்துரைக்க வலிமை வாய்ந்த இந்திய இதழ் சென்னையில் இல்லை. சுப்பிரமணிய ஐயரும், அவர்தம் ஆசிரியத் தோழர் வீரராகவாச்சாரியாரும், சட்டம் பயின்றுகொண்டிருந்த நால்வரும் ஒன்றுகூடினர். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் பெற்று, 1878 செப்டம்பர் 20ஆம் நாள் 'தி இந்து' வார இதழை வெளியிட்டனர். அச்சிட்ட படிகள் 80. அவ்விதழே 1889இல் நாளிதழாக வளர்ந்தது.

எழுதுவதோடு அவர் அமையவில்லை. 1884இல் சென்னை மகாஜன சபை உருவாக முன்னின்றார். 1885இல் பம்பாயில் கூடிய காங்கிரசின் முதல் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழியும் சிறப்பு அவருக்கே வாய்த்தது. இதழ் எழுப்பிய வினாவை அவை பேசும். அவை பேசியதை இதழ் ஊரெங்கும் சேர்க்கும். பொதுமக்கள் கருத்து என்னும் ஆற்றல் இவ்வாறு உருப்பெற்றது.

ஆயினும் ஆங்கிலம் அறிந்தோர் மிகச் சிலரே. உழுபவரும் வணிகரும் அறியாத அரசியல் அரங்கிற்குள்ளேயே அடங்கிவிடும் என்பதை உணர்ந்தே, 1882இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வார இதழை அவர் தொடங்கியிருந்தார்.

பிறர்க்கு உரைத்த அறம் அவர் இல்லத்தின் வாயிலிலும் வந்து நின்றது. இளம்பருவத்திலேயே கைம்மை எய்திய தம் மகளுக்கு 1889இல் மறுமணம் செய்வித்தார். உற்றாரும் ஊராரும் அவரை ஒதுக்கினர். சீர்திருத்தத்தில் அவர் காட்டிய உறுதி இதழின் பங்காளியோடும் கருத்து வேறுபாட்டை வளர்த்தது. 1898இல், தாம் இருபதாண்டுகள் வளர்த்த 'தி இந்து'வை விட்டு விலகினார்.

கையில் எஞ்சியது தமிழ் இதழ் ஒன்றே. அதனை மறு ஆண்டே நாளிதழாக்கினார். அயல்நாட்டுச் செய்தியும் ஆட்சியின் வரவு செலவும் எளிய தமிழில் நாள்தோறும் மக்களைச் சென்றடைந்தன. 1904இல் பாரதியாரைத் துணையாசிரியராக அழைத்துவந்தவரும் அவரே. பின்னர் 1908இல் அரசு அவரை இராசத்துரோகக் குற்றம் சாட்டிச் சிறைப்படுத்தியது. நோயுற்றிருந்த அவர் பிணைப்பத்திரம் எழுதித் தந்து வெளிவந்தார். வீறுமிக்க எழுதுகோலுக்கு அது பெருந்துயரமே. 1916 ஏப்ரல் 18ஆம் நாள் அவர் மறைந்தார்.

அச்சில் ஏறிய சொல்லுக்கு மதிப்பைத் தருவது எழுதியவரின் வாழ்வு. பிறர்க்கு எழுதிய நெறியைத் தம் வீட்டில் முதலில் நிறைவேற்றி, அதன் இழப்பையும் தாமே ஏற்றதனால்தான் சுப்பிரமணிய ஐயரின் எழுத்துக்கு மக்கள் செவிசாய்த்தனர். செய்திகள் பெருகிய இக்காலத்தில் நம் இளைஞர்கள் அறிந்து போற்றவேண்டிய வாழ்வு அது.