'சர்' பட்டத்தைத் துறந்த மணி ஐயர்

1918-ம் ஆண்டு ஜூன் மாதம். சென்னை சர்க்காரின் தலைமைக் காரியதரிசிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஹைகோர்ட்டு நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 75. தமக்கு அளிக்கப்பட்ட 'சர்' பட்டமும், திவான் பகதூர் பட்டமும் இனி வேண்டாம் என்று அவர் அதில் தெரிவித்திருந்தார்.

அந்த நாளில் பட்டம் என்றால் சாமானியமா? ஒரு ராவ் சாகிப் பட்டத்துக்காகக் கலெக்டர் பங்களாவுக்கு நடையாய் நடந்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட காலத்தில், கையில் இருந்த 'சர்' பட்டத்தையே வேண்டாம் என்றவர் எஸ். சுப்பிரமணிய ஐயர். ஊரார் அவரை மணி ஐயர் என்றே அழைத்தார்கள்.

மணி ஐயர் 1842-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி மதுரையில் பிறந்தார். தந்தை சுப்பையர், ராமநாதபுரம் ஜமீனின் வக்கீல். குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்போதே தந்தை காலமாகிவிட்டார். அண்ணன்தான் தம்பியை வளர்த்தார்.

மதுரை ஜில்லாப் பள்ளிக்கூடத்தில் படிப்பு முடிந்தது. பிறகு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம். முத்துசாமி ஐயர் தெரு விளக்கில் படித்து ஹைகோர்ட்டு நீதிபதி ஆன கதையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். மணி ஐயருக்கு அப்படி ஒரு விளக்குக் கதை இல்லை. ஆனால் அவரும் காலேஜ் வாசல் மிதிக்காமலே, பகலில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, தாமாகவே படித்தவர்தான். மெட்ரிகுலேஷன், எப்.ஏ. பரீட்சைகளை வரிசையாகத் தேறினார். 1868-ல் பி.எல். பட்டமும் பெற்றார். அடுத்த ஆண்டே மதுரையில் வக்கீல் தொழிலைத் தொடங்கிவிட்டார்.

அப்போது மதுரைக்கு ரயில் இல்லை. திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது 1875-ல்தான். பெரிய பெரிய ஜமீன் வழக்குகளெல்லாம் மதுரைக் கோர்ட்டிலேயே நடந்தன. மணி ஐயரின் பெயர் நாலு ஜில்லாவுக்கும் பரவியது. வருமானமும் பெருகியது.

கோயில் சொத்தும் கோர்ட்டும்

பணம் சேர்ந்ததும் ஊர்க் காரியத்தை மறக்கவில்லை. முனிசிபாலிட்டியில் அங்கத்தினராக இருந்தார். கோயில் காரியத்திலும் இறங்கினார். 1863-ல் ஆங்கில சர்க்கார் ஒரு சட்டம் செய்து, கோயில் நிர்வாகத்திலிருந்து கையைக் கழுவிக்கொண்டது. மதுரை, ஸ்ரீரங்கம் போன்ற பெரிய கோயில்களெல்லாம் உள்ளூர்க் கமிட்டிகளின் மேற்பார்வைக்கு வந்தன. கேட்பார் இல்லாத சொத்து என்றால் என்ன ஆகும்? கோயில் நிலத்தைச் சிலர் தம் நிலம்போல அனுபவித்தார்கள். நகைக்கும் நெல்லுக்கும் சரியான கணக்கு இராது. மதுரைக் கமிட்டியில் இருந்த மணி ஐயர், முறைகேடு செய்தவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார். இதனால் வேண்டாதவர்கள் பலர் உண்டானார்கள். அதற்கெல்லாம் அஞ்சுகிறவரா அவர்? ஓய்வு பெற்ற பிறகும் தர்ம ரக்ஷண சபை மூலம் இதே வேலையைத் தொடர்ந்தார்.

சட்டசபையில்

1884-ல் அவருடைய மனைவி இறந்துபோனார். மதுரை வாழ்வு கசந்தது. சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அதே ஆண்டில் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராகவும் நியமிக்கப்பட்டார்.

சட்டசபை என்றதும் ஓட்டும் தேர்தலும் நினைவுக்கு வரும். அப்போது இரண்டும் இல்லை. கவர்னர் யாரை நியமிக்கிறாரோ அவர்தான் அங்கத்தினர். சர்க்கார் கொண்டுவரும் மசோதாவைப் பற்றிப் பேசலாம், அவ்வளவுதான். சர்க்காரைக் கேள்வி கேட்க முடியாது. வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி வாய் திறக்கவும் உரிமை கிடையாது. குடிகள் கட்டும் வரி எங்கே போகிறது என்று கேட்க முடியாத சபைக்குச் சட்டசபை என்று பெயர்!

அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அதன் குறை நன்றாகத் தெரிந்தது. 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை முதன்முதலாகக் கூடியது. வந்தவர்கள் 72 பேர். அவர்களில் மணி ஐயரும் ஒருவர். சட்டசபைகளில் மக்கள் தேர்ந்தெடுத்த அங்கத்தினர்கள் வேண்டும், வரவு செலவை விவாதிக்க உரிமை வேண்டும், கேள்வி கேட்கும் உரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை ஆதரித்து அங்கே பேசினார். அதே மகாசபையில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இந்து பத்திரிகையின் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர். பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் ஒருவராகவே நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு. அவர் திருவையாற்றுக்காரர், இவர் மதுரைக்காரர்.

1888-ல் மணி ஐயர் சென்னையில் சர்க்கார் வக்கீல் ஆனார். அதற்கு முன் அந்தப் பதவியில் இந்தியர் யாரும் இருந்ததில்லை.

1895 ஜனவரியில் நீதிபதி முத்துசாமி ஐயர் காலமானார். காலியான இடத்தில் யார் அமர்வது? சர்க்கார் மணி ஐயரை நியமித்தது. சுமார் 12 ஆண்டுகள் அவர் ஹைகோர்ட்டு நீதிபதியாக இருந்தார். 1899, 1903, 1906 ஆகிய ஆண்டுகளில் தற்காலிகப் பிரதம நீதிபதியாகவும் வேலை பார்த்தார். 1900-ல் 'சர்' பட்டம் கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவிக்கு வந்த முதல் இந்தியரும் அவரே. உடல்நலம் குன்றியதால் 1907-ல் ஓய்வு பெற்றார்.

பதவி, பட்டம், பென்ஷன் எல்லாம் இருந்தன. வயதும் 65 ஆகிவிட்டது. இனி ராமா, கிருஷ்ணா என்று இருந்துவிட்டுப் போகலாம் அல்லவா? மணி ஐயரின் பெரிய காரியமோ இதன் பிறகுதான் நடந்தது.

ஒரு கடிதம்

1916-ல் அன்னி பெசன்ட் அம்மையார் சுயாட்சி கேட்டு ஹோம் ரூல் லீக்கைத் தொடங்கினார். மணி ஐயர் அதன் கௌரவத் தலைவர் ஆனார். நீதிபதியாக இருந்த ஒருவர் இப்படி முன்னால் வந்து நின்றதைக் கண்டு, சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் முகம் சுளித்தார்கள்.

1917 ஜூனில் சென்னை சர்க்கார் பெசன்ட் அம்மையாரையும், அருண்டேல், வாடியா ஆகிய இருவரையும் காவலில் வைத்தது. அவர்கள் உதகமண்டலம் போய்ச் சேர்ந்தார்கள். லீக்கின் பொறுப்பு முதியவர் தலையில் விழுந்தது.

அப்போது ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜனநாயகத்தைக் காக்கவே போரில் இறங்குவதாக அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சில வாரங்களுக்கு முன்புதான் அறிவித்திருந்தார். அப்படியானால் இந்தியாவின் நிலை என்ன? இதைக் கேட்டு, ஜூன் 24-ந் தேதி வில்சனுக்கே மணி ஐயர் ஒரு கடிதம் எழுதினார். அன்னியர் ஆட்சியில் இந்தியா படும் பாட்டை அதில் விவரித்தார். சுயாட்சி கொடுத்தால் மூன்று மாதத்தில் 50 லட்சம் வீரர்களைப் போர்முனைக்கு அனுப்ப இந்தியா தயாராக இருக்கும் என்றும், அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் 50 லட்சம் பேர் வருவார்கள் என்றும் எழுதினார்.

தபாலில் போட்டால் சர்க்கார் பிரித்துப் பார்த்துவிடும். ஆகையால் ஹாட்ச்னர் என்ற அமெரிக்கத் தம்பதிகளிடம் கடிதம் கொடுக்கப்பட்டது. அவர்கள் கடல் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

செப்டம்பரில் அம்மையார் விடுதலையானார். ஆனால் கடித விஷயம் மெல்ல வெளியே வந்தது. டிசம்பரில் வைசிராய் செம்ஸ்போர்டு பிரபுவும் இந்தியா மந்திரி மாண்டேகுவும் சென்னைக்கு வந்தார்கள். அரசியல் சீர்திருத்தம் பற்றிப் பேச மணி ஐயரும் அழைக்கப்பட்டார். போனவருக்குக் கிடைத்ததோ கண்டனம். சீர்திருத்தப் பேச்சைவிடக் கடிதப் பேச்சே பெரிதாகிவிட்டது. தலை நரைத்த பழைய பிரதம நீதிபதியைக் கூப்பிட்டு வைத்துக் கடிந்துகொள்வது என்ன முறையோ!

அதோடு விடவில்லை. 1918 ஜூன் தொடக்கத்தில் லண்டன் பார்லிமெண்டில் இந்தக் கடிதம் பற்றிக் கேள்வி எழுந்தது. மாண்டேகு அதை மிகக் கடுமையான சொற்களால் பழித்துப் பேசினார். பதில் சொல்ல மணி ஐயர் அந்தச் சபையில் இல்லை. 5,000 மைலுக்கு அப்பால் மயிலாப்பூரில் இருந்தார்.

செய்தி சென்னைக்கு எட்டியது. மணி ஐயர் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுதியதில் ஒரு வரியையும் திரும்பப் பெறவில்லை. அந்த மாதத்திலேயே பட்டங்களைத் துறந்து கடிதம் எழுதிவிட்டார். அவருக்குப் பென்ஷன் கொடுத்ததும் இதே சர்க்கார்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். போர்க்காலத்தில் சர்க்கார் நினைத்தால் யாரையும் காவலில் வைக்கலாம்; அம்மையாரை வைத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

பஞ்சாபில் ஜாலியன் வாலாபாக் படுகொலைக்குப் பிறகு, மகாகவி தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தது 1919-ல். மணி ஐயர் துறந்தது அதற்கு ஓராண்டு முந்தி.

அதன் பின் நண்பர்கள் அவரை 'சர்' சுப்பிரமணிய ஐயர் என்று எழுதுவதை விட்டார்கள். பல்கலைக்கழகம் கொடுத்திருந்த டாக்டர் பட்டத்தைச் சேர்த்து, டாக்டர் சுப்பிரமணிய ஐயர் என்று எழுதினார்கள். மணி ஐயர் வேதாந்த விசாரத்திலும் பிரம்ம ஞான சங்கத்து நண்பர்களோடும் கடைசி நாட்களைக் கழித்து, 1924 டிசம்பர் 5-ந் தேதி தமது 82-வது வயதில் காலமானார்.