மட்டம் தட்டினார்கள்... மட்டம் தவறியது!



நான் சிவில் மூன்றாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கூட்ஸ் ஷெட்டில் சிமெண்ட் மூட்டை இறக்குகிறவர். அம்மா கொத்தனாருக்குச் சித்தாள். இரண்டு பேருக்கும் இன்றைக்கும் கைநாட்டுதான். அதனால்தானோ என்னவோ, ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுது என்று சங்கச் செயலாளர் அண்ணன் சொன்னதும், அப்பா அம்மா இருவருமே எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வீட்டில் பிறந்து, 18 வயதில் அ, ஆ கற்கப் போன ஒருவர்தான் என் ஞாபகத்துக்கு வந்தார். எனக்கும் இப்போது அதே 18 வயது!

அவர் பெயர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். ரயிலைக் கண்டுபிடித்தவர் என்று சின்ன வகுப்பில் ஒரு மார்க் கேள்விக்கு எழுதியிருப்போம். உண்மையில் ரயில் எஞ்சினை முதலில் செய்தவர் அவர் இல்லை. அவருக்கு முன்பே ரிச்சர்ட் டிரெவிதிக் போன்றவர்கள் செய்துவிட்டார்கள். இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே எஞ்சின் ஓடுகிற பாதையைப் போட்டுக் காட்டி, நாட்டையே நம்ப வைத்ததுதான் ஸ்டீபன்சன் செய்த வேலை. அந்த நம்பிக்கை வருவதற்கு முன்னால் இங்கிலாந்து பாராளுமன்றத்தில் அவர் பட்ட அவமானம் இருக்கிறதே, அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

சுரங்கத்துப் பிள்ளை

1781 ஜூன் 9. இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் பக்கத்தில் வைலம் என்ற நிலக்கரிச் சுரங்கத்து ஊர். நான்கு குடும்பங்கள் குடியிருந்த ஒரு வீட்டில் ஒற்றை அறையில் பிறந்தார். அப்பாவுக்குச் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் எஞ்சினுக்கு நிலக்கரி அள்ளிப் போடும் வேலை. வீட்டு வாசலிலேயே மரத் தண்டவாளத்தில் குதிரைகள் நிலக்கரி வண்டியை இழுத்துப் போகும். பையன் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தான்.

பள்ளிக்கூடம் கிடையாது. முதலில் மாடு மேய்த்தார். பிறகு நிலக்கரியில் கல் பொறுக்கினார். அப்புறம் அப்பாவுக்கு உதவியாளாகச் சேர்ந்தார். 17 வயதில் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. சனிக்கிழமை ஓய்வில் எஞ்சினைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவாராம். கையில் இருந்த வித்தை அப்படி வந்ததுதான். ஆனால் எழுத்து தெரியாமல் மேலே போக முடியாது என்பது புரிந்தது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவுப் பள்ளிக்குப் போனார். 19 வயதில் தன் பெயரைத் தானே எழுதினார்.

கஷ்டம் அத்தோடு விடவில்லை. 1802-ல் கல்யாணம், 1803-ல் மகன் ராபர்ட் பிறந்தான். 1806-ல் மனைவி காசநோயில் இறந்துபோனார். அப்பா விபத்தில் கண் பார்வை இழந்தார். ஜார்ஜ் கடிகாரம் பழுது பார்த்து, செருப்பு தைத்துக்கூட சம்பாதித்தார். ஒரே மகனை நியூகாசிலில் நல்ல பள்ளியில் சேர்த்தார். மகன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து படிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து தானும் படித்தார். இதைப் படித்தபோது எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்தது. நான் டிராயிங் ஷீட் போடும்போது லைட்டை நகர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

1811-ல் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் யாராலும் ஓட்ட முடியாத ஒரு பம்பு எஞ்சினைச் சரிசெய்து கொடுத்தார். அடுத்த வருஷம் அங்கே எஞ்சின்களுக்கெல்லாம் பொறுப்பாளர் ஆனார். 1814-ல் புளூக்கர் என்ற ரயில் எஞ்சினைச் செய்தார். அது மேட்டில் 30 டன் சுமையை மணிக்கு 4 மைல் வேகத்தில் இழுத்தது. நம் ஊர் மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஆனால் குதிரை இல்லாமல் ஓடியது!

பாராளுமன்றம் ஏன் வந்தது?

அப்போது மான்செஸ்டர் பஞ்சாலை நகரம். பஞ்சு வந்து இறங்கும் துறைமுகம் லிவர்பூல். இடையில் சுமார் 31 மைல். சரக்கெல்லாம் கால்வாய்ப் படகில்தான் போகணும். கால்வாய்க்காரர்கள் வைத்ததுதான் கூலி. சரக்கோ தேங்கித் தேங்கிக் கிடந்தது. வியாபாரிகள் சேர்ந்து ரயில் பாதை போட முடிவு செய்து 1824-ல் கம்பெனி தொடங்கினார்கள். ஸ்டீபன்சனை எஞ்சினீயராக வைத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். பாதை போக நிலம் வேண்டும். நிலம் அடுத்தவருடையது. அவர் தரமாட்டேன் என்றால் ஒரு கம்பெனியால் ஒன்றும் செய்ய முடியாது. நிலத்தை எடுக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றம்தான் தர முடியும். அதனால் ஒவ்வொரு ரயில் பாதைக்கும் தனித்தனி மசோதா. மசோதா ஒரு கமிட்டிக்குப் போகும். எதிர்ப்பவர்கள் வக்கீல் வைத்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நாட்டுக்கு ஒரு பெரிய வேலை நடக்கும்போது கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கத்தானே வேண்டும்? ஆனால் அங்கே கேள்வி கேட்டவர்களுக்குப் பின்னால் கால்வாய் முதலாளிகளும் பெரிய நிலப் பிரபுக்களும் நின்றார்கள் என்பதும் உண்மை.

அந்தப் பிரபுக்கள் சர்வேக்கு ஆள் நுழையவே விடவில்லை. காவல் போட்டார்கள், விரட்டினார்கள். அவர்கள் சாப்பிடும் நேரம், தூங்கும் நேரம் பார்த்து அவசர அவசரமாக அளவெடுக்க வேண்டியிருந்தது. மட்டம் பார்க்கும் வேலையை ஸ்டீபன்சன் தன் உதவியாளர்களிடம் விட்டிருந்தார். அவர்கள் எழுதிக் கொடுத்ததை அவர் திரும்பச் சரிபார்க்கவில்லை. வினை அங்கேதான்!

1825 ஏப்ரல் 25

அன்றைக்கு ஸ்டீபன்சன் கமிட்டி முன்னால் சாட்சி சொல்ல ஏறினார். வயது 43. எதிர்த் தரப்பில் எட்வர்ட் ஆல்டர்சன் என்ற வக்கீல், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் இடம் பெற்றவர். ஸ்டீபன்சனின் சுரங்கத்துப் பேச்சு லண்டன்காரர்களுக்குப் பாதி புரியவில்லை. கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. வேகத்தைப் பெரிதாகச் சொன்னால் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்கள், அடக்கிச் சொல் என்று சொந்த வக்கீல்களே எச்சரித்திருந்தார்கள். மனிதர் எப்படித் தவித்திருப்பார், யோசித்துப் பாருங்கள்.

பிறகு வந்தது உண்மையான அடி. இர்வெல் ஆற்றின் மேல் கட்டப்போகும் பாலத்தைப் பற்றி வக்கீல் கேட்டார். அந்த இடத்தில் ஆற்றின் அகலம் என்ன என்றார். தெரியவில்லை. பாலத்துக்கு எத்தனை வளைவு என்றார். இன்னும் முடிவாகவில்லை. மட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், வெள்ளம் ஏறும் உயரத்துக்கும் கீழே பாலம் வருகிற மாதிரி இருந்தது! அளவுகள் தவறு என்று ஸ்டீபன்சனே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. சாட் மாஸ் என்ற பெரிய சதுப்பு நிலத்தின் மேல் பாதை போடவே முடியாது என்று மற்ற எஞ்சினீயர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அதற்கு மட்டும் 2,70,000 பவுன் ஆகும் என்றார் ஒருவர்.

மசோதாவின் முகவுரை 37-க்கு 36 என்று ஒரே ஓட்டில் தப்பியது. ஆனால் பாதை போடும் அதிகாரம், நிலம் எடுக்கும் அதிகாரம் என்ற முக்கியமான பிரிவுகள் தோற்றன. கம்பெனி மசோதாவை வாபஸ் வாங்கியது. ஸ்டீபன்சனை விலக்கிவிட்டு, ரென்னி சகோதரர்களை எஞ்சினீயர்களாக வைத்தது.

என் கதையும் கொஞ்சம்

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியே ஆகணும். இரண்டாம் ஆண்டு சர்வே பிராக்டிகல். எங்கள் பேட்ச்சில் ஒருத்தன் டம்பி லெவலில் ரீடிங் பார்ப்பான், மற்ற நாங்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அவன் ஃபீல்டு புக்கைப் பார்த்து எழுதுவோம். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் நோட்டைப் பார்த்தார். புறப்பட்ட பெஞ்ச் மார்க்குக்கே திரும்பி வந்தும் மட்டம் ஏன் சேரவில்லை என்று இங்கிலீஷில் கேட்டார். நான் தட்டுத் தடுமாறி ஏதோ சொன்னேன். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. படிப்பே வேண்டாம், அப்பாவோடு மூட்டை தூக்கப் போகலாம் என்றுகூட நினைத்தேன்.

ரொம்ப நாள் அந்தச் சிரிப்பு மட்டுமே எனக்கு ஞாபகம் இருந்தது. நான் டமில் மீடியம், கிராமத்தான், அதனால்தான் மட்டம் தட்டினார் என்று பொருமிக்கொண்டே இருந்தேன். ஸ்டீபன்சன் கதையைப் படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அங்கே நடந்தது இரண்டு. ஒன்று, என் பேச்சைப் பார்த்துச் சிரித்தது. அது அவர் தப்பு. இன்னொன்று, நான் பார்க்காத ரீடிங்கை என்னுடையது என்று எழுதியது. அது என் தப்பு. தமிழில் கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது! முதலாவதைச் சொல்லிச் சொல்லி இரண்டாவதை மறைத்துக்கொண்டிருந்தேன்.

மீண்டு வந்தார்

ஸ்டீபன்சன் அப்படி மறைக்கவில்லை. தோற்ற நான்கே மாதத்தில், 1825 செப்டம்பர் 27 அன்று, அவர் போட்ட ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில் பாதை திறக்கப்பட்டு எஞ்சின் ஓடியது. பேச்சில் சொல்ல முடியாததை வேலையில் காட்டினார்.

ரென்னி சகோதரர்களின் ஆட்கள் ஒழுங்காக மறு சர்வே செய்தார்கள். பிரபுக்களின் நிலங்களைக் கூடிய மட்டும் விலக்கிப் பாதையை மாற்றினார்கள். கால்வாய் வருமானம் பெற்ற ஸ்டாஃபோர்டு பிரபுவையே 1000 பங்குகளுக்குச் சொந்தக்காரர் ஆக்கினார்கள். எதிர்ப்பு பாதி கரைந்தது. 1826 மே மாதம் சட்டம் நிறைவேறியது. பாதையைக் கட்டி முடிக்க யார் என்ற கேள்வி வந்தபோது, கம்பெனி மறுபடி ஸ்டீபன்சனையே கூப்பிட்டது.

முடியவே முடியாது என்று சொன்ன சாட் மாஸில் அவர் என்ன செய்தார் தெரியுமா? குத்துச்செடிகளையும் மரக்கிளைகளையும் படல் படலாகப் பின்னிப் பரப்பி, அதன்மேல் மண்ணும் சரளையும் போட்டு, பாதையைச் சதுப்பின் மேல் மிதக்கவிட்டார். வாரக்கணக்கில் கொட்டிய மண்ணெல்லாம் காணாமல் போனது. இயக்குநர்கள் கைவிடலாமா என்று யோசித்தார்கள். அவர் கொட்டச் சொன்னார். கடைசியில் சுமார் 28,000 பவுனில் முடித்தார். எதிர்த் தரப்பு சொன்ன கணக்கில் பத்தில் ஒரு பங்கு! இன்றைக்கும் அந்தச் சதுப்பைக் கடந்து ரயில் ஓடுகிறது.

1829 அக்டோபரில் ரெயின்ஹில் போட்டியில் மகன் ராபர்ட்டோடு சேர்ந்து செய்த ராக்கெட் எஞ்சின் 500 பவுன் பரிசை வென்றது. மணிக்கு ஏறக்குறைய 30 மைல் ஓடியது. 1830 செப்டம்பர் 15 அன்று பாதை திறப்பு விழா. சந்தோஷத்திலும் ஒரு துக்கம். இந்த ரயிலுக்காக பாராளுமன்றத்தில் வாதாடிய லிவர்பூல் உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன், அன்றைக்கே ராக்கெட்டில் அடிபட்டு இறந்தார். அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு ஸ்டீபன்சன்தான் எஞ்சினை விரட்டினார். காப்பாற்ற முடியவில்லை.

ரயில் யாருக்கு?

ஆரம்ப நாட்களில் மூன்றாம் வகுப்பு என்றால் பல பாதைகளில் கூரை இல்லாத திறந்த வண்டி. மழையில் நனைந்து, குளிரில் விறைத்துப் போகணும். முதலில் நிலம் எடுக்கும் அதிகாரம் கொடுத்த பாராளுமன்றம், இப்போது மக்கள் பக்கம் நின்று கேட்டது. 1844-ல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டப்படி, புதிதாக அனுமதி பெறும் பாதைகளில் தினமும் ஒரு ரயிலாவது மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்காமல், எல்லா நிலையங்களிலும் நின்று, கூரையுள்ள பெட்டியில் ஏழைகளை ஏற்றிப்போகணும். வேகம் மணிக்கு 12 மைலுக்குக் குறையக்கூடாது. அதற்குப் பாராளுமன்ற ரயில் என்றே பெயர் வந்தது. எங்கப்பா அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறி வேலைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்தச் சட்டம் ஞாபகம் வரும்.

1846-ல் இன்னொரு சட்டம். பிரிட்டனில் புதிய பயணிகள் பாதைகளுக்கு ஸ்டீபன்சனின் 4 அடி 8½ அங்குல அகலமே பொது அளவு என்றது. அவர் வாலிபத்தில் பார்த்த சுரங்கத்து வண்டிப் பாதையிலிருந்து வந்த அளவு அது! நம்ம ஊர் பிராட் கேஜ் வேறு, 5 அடி 6 அங்குலம். ஆனால் சென்னை மெட்ரோ ஓடுவது ஸ்டீபன்சனின் அந்த 1435 மில்லிமீட்டர் பாதையில்தான். அடுத்த முறை ஏறும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

1847-ல் மெக்கானிக்கல் எஞ்சினீயர்கள் சங்கத்தின் முதல் தலைவர் ஆனார். அதே வருஷம் மகன் ராபர்ட் பாராளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பா தலைகுனிந்து நின்ற மன்றத்தில் பிள்ளை உறுப்பினராக உட்கார்ந்தார்! 1848 ஆகஸ்ட் 12 அன்று, 67-ம் வயதில், செஸ்டர்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஸ்டீபன்சன் கண் மூடினார்.

நண்பர்களே, நம்மில் பலர் முதல் தலைமுறை. நம் பேச்சைப் பார்த்துச் சிரிக்க இன்னும் ஆட்கள் இருப்பார்கள். சிரிக்கட்டும். அதற்காகத் தலை குனிய வேண்டாம். ஆனால் நாளைக்கு நாம் போடும் பாலத்தின் மேல் நம் அப்பா அம்மா மாதிரி ஆயிரம் பேர் நடப்பார்கள். அவர்கள் சார்பில் ஒருத்தர் எழுந்து ஆற்றின் அகலம் என்ன என்று கேட்டால், எந்தப் பேச்சு வழக்கிலாவது சரியான பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்கணும். மூன்றாம் ஆண்டில் நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். என் ரீடிங்கை நானேதான் பார்ப்பேன். இந்த வருஷம் ஒரு நாள் வெயிலில் ஆறு தடவை திரும்ப எடுத்தேன். ஆறாவது தடவை சேர்ந்தது!

நீங்களும் உங்கள் ரீடிங்கை நீங்களே பாருங்கள். வாழ்த்துக்கள்.