கடலின் நீலமும் சேர் சீ. வீ. இராமனும்

பூனாகலை மேட்டில் நின்று பார்த்தால் தொலைவிலுள்ள மலைகள் நீலமாகத் தெரியும். கிட்டப் போனால் அவை பச்சை. அப்படியொரு நீலத்துக்குக் காரணம் தேடிப் போனவர்தான் சேர் சீ. வீ. இராமன்.

1888 நவம்பர் 7 இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவானைக்காவலில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருக்கும்போதே, 1906 இல், ஒளி பற்றிய அவரது கட்டுரை இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. ஆயினும் பிழைப்புக்கு நிதித் திணைக்கள உத்தியோகம். கல்கத்தாவில் கந்தோருக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் ஆய்வுகூடத்தில் உழைத்தார். 1917 இல், சம்பளம் குறைவென்று தெரிந்தும், பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921 இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பினார். வானத்தின் நீலம் தெறிப்பதாலேயே கடல் நீலமாகத் தெரிகிறது என்பது பெரும் விஞ்ஞானி இரேலி பிரபுவின் கருத்து. இராமன் ஒரு சிறிய நிக்கோல் அரியத்தால் நீர்ப்பரப்பில் தெறித்த ஒளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று எழுதினார். (சிவப்பை நீர் உறிஞ்சுவதும் இதற்குப் பெருங் காரணம் என்பதை இன்று நாம் அறிவோம்.) பெரியவர் சொன்னார் என்பதற்காக ஏற்காமல் சோதித்துப் பார்ப்பது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒளியியலில் இப்னுல் ஹைதம் காட்டிய வழியல்லவா!

ஒளியும் வானொலி அலை, எக்ஸ் கதிர் போன்ற மின்காந்த அலைதான், வேறுபடுவது அலைநீளம். நீலத்தின் அலைநீளம் சிவப்பினதிலும் குறைவு, ஆகவே காற்றில் அது கூடுதலாகச் சிதறுகிறது. அப்படிச் சிதறினாலும் நிறம் மாறுவதில்லை என்றே எண்ணியிருந்தார்கள். 1928 பெப்ரவரி 28 இல், கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு, திரவத்தில் பட்டுச் சிதறும் ஒருநிற ஒளியின் மிகச் சிறு பகுதி வேறு அலைநீளத்தோடு வருவதை இராமன் உறுதி செய்தார். அந்த மாற்றம் மூலக்கூற்றுக்கு மூலக்கூறு வேறுபடும். எனவே அதைக் கொண்டே பொருளை இனங்காணலாம். 1930 இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் கிடைத்தது.

அடுத்ததைச் சிலர் சொல்லாமல் கடப்பதுண்டு. ஒரு மகளிர் கல்லூரிச் சஞ்சிகை அப்படிக் கடக்க முடியாது. 1933 இல் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பணிப்பாளரானார். கமலா பாக்வத் என்ற பம்பாய்ப் பட்டதாரி அங்கு விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காகவே மறுத்தார். கமலா விடவில்லை. ஓராண்டு தவணைக்குப் பார்ப்போம் என்று அரைமனதோடு சேர்த்துக்கொண்டார். ஆண்டு முடிவில் கமலாவின் வேலை அவரது எண்ணத்தை மாற்றிவிட்டது. சில ஆண்டுகளின் பின் அன்னா மாணி இராமனின் ஆய்வுகூடத்திலேயே மாணிக்கத்தினதும் வைரத்தினதும் ஒளியை ஆராய்ந்தார்.

1970 நவம்பர் 21 இல் இராமன் பெங்களூரில் காலமானார். அவர் கதவடைத்த கமலாவோ 1939 இலேயே கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றிருந்தார்.