லீலா மஜும்தார் அம்மையார்

வங்காள மக்கள் விரும்பி உண்ணும் இனிப்புகளுள் ஒன்று சந்தேஷ். அம்மொழியில் அச்சொல்லுக்குச் செய்தி என்னும் பொருளும் உண்டு. உபேந்திரகிஷோர் ராய் என்னும் பெரியார், 1913ஆம் ஆண்டில் தாம் தொடங்கிய சிறுவர் இதழுக்கு அப்பெயரையே சூட்டினார். அவருடைய தம்பி மகளே நாம் இங்குக் காணவிருக்கும் லீலா மஜும்தார் அம்மையார்.

இவர் 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். இளமைப் பருவம் ஷில்லாங் மலையில் கழிந்தது. தந்தையார் பிரமதாரஞ்சன் ராய் நில அளவைத் துறையில் பணியாற்றியவர். பர்மா வரையிலும் அடர்ந்த காடுகளில் கூடாரமடித்துத் தங்கியவர். அக்காட்டு வாழ்வைப் பற்றிச் சந்தேஷ் இதழில் சுவைபட எழுதியும் வந்தார். கதை சொல்லும் ஆற்றல் மகளுக்கு எங்கிருந்து வந்ததென்று நாம் தேட வேண்டியதில்லை.

பெரியப்பாவின் மறைவுக்குப் பின் அவர் மகன் சுகுமார் ராய் இதழை நடத்தினார். அண்ணன் கேட்டுக்கொண்டதற்கிணங்க, 1922இல், பதினான்காம் வயதில், லீலா தம் முதற்கதையை எழுதி அதற்குப் படமும் தாமே வரைந்தார். பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று முதலிடம் பெற்றார். டார்ஜிலிங்கிலும், தாகூர் அழைத்ததன் பேரில் சாந்திநிகேதனிலும் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார்.

1933இல் பல் மருத்துவர் சுதீர்குமார் மஜும்தாரை மணந்தார். தந்தையார் அம்மணத்தை ஏற்கவில்லை; மகளுடன் உறவை அறுத்துக்கொண்டார். இறுதிவரை அவ்வுறவு மீளவில்லை. அத்துயரைச் சுமந்த கையே, சிறுவர் குலுங்கிச் சிரிக்கும் கதைகளை எழுதிற்று என்பது நமக்குப் பெருவியப்பாக உள்ளது.

1956இல் அகில இந்திய வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராகச் சேர்ந்து, ஏழெட்டு ஆண்டுகள் பணி புரிந்தார். மகளிர் நிகழ்ச்சிக்காக அவர் எழுதிய தொடர்தான் மணிமாலா. மணிமாலா அரசகுமாரி அல்லள், வீராங்கனையும் அல்லள். நடுத்தரக் குடும்பத்து எளிய சிறுமி. அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது பாட்டி கடிதம் எழுதத் தொடங்குகிறாள். மணிமாலா வளர்கிறாள், மணம் புரிகிறாள், தாயாகிறாள். கடிதங்களும் உடன் வருகின்றன. வளரும் பெண்ணுக்கு வீட்டில் அன்றாடம் நேரும் சிக்கல்களை, ஏட்டுரையாக அன்றிப் பாட்டியின் பேச்சாகவே அவை எடுத்துரைத்தன. எழுத்தறியாத பெண்ணும் செவியால் கேட்கலாம் அன்றோ? நம் பாட்டிமார் எழுத அறிந்திருந்தால் நமக்கு என்ன எழுதியிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

அம்மையார் புதினங்களும் தன்வரலாறும் எழுதினார். சமையல் நூலொன்றையும் விட்டுவைக்கவில்லை. 1969இல் ரவீந்திர விருது பெற்றார்.

நின்றுபோயிருந்த சந்தேஷ் இதழை 1961இல் சுகுமாரின் மகனும் திரைப்பட மேதையுமான சத்யஜித் ராய் மீண்டும் தொடங்கினார். 1963 முதல் 1994 வரை, ஊதியம் பெறாமலே அதன் ஆசிரியர்களுள் ஒருவராக இருந்தவர், முன்னாளில் அதே இதழில் தம் முதற்கதைக்குப் படம் வரைந்த அச்சிறுமியே. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், தம் தொண்ணூற்றொன்பதாம் வயதில், கல்கத்தாவில் காலமானார்.